வூட்டுக்காரரு ஒத்துக்கல

அப்படிக் கேக்கக் கூடாதும்மா. தண்ணி வருதான்னு கேட்டா வராதுன்னு யாரு சொல்லுவாங்க? குழாயத் தொறந்து விட்டு, பாருங்க எப்படி ஊத்துதுன்னுடுவாங்க. எந்த மாசத்துல வராதுன்னு கேளு. அதுதான் கேள்வி. எங்க வூட்ல சித்திரை கடைசியிலேர்ந்து ஆடி பொறக்கற வரைக்கும் போரு இழுக்காது. அப்ப முனிசிபாலிட்டி தண்ணிதான், அதுவும் ஒருநா விட்டு ஒருநா. பாரு, நானே சொல்லிட்டேன். சொல்லாம விட்டா நீ குடி வந்துட்டு, கொடத்தத் தூக்கறப்பல்லாம் மனசுக்குள்ள என்னத் திட்டுவ.

அந்தச் சேரு வேணாம், அது கால் ஆடும். இதுல ஒக்காரு. காப்பி ஆறிடப் போவுது, குடி. வாங்க போங்கன்னுதான் பேசணும், டீச்சராச்சே. ஆனா எம்பொண்ணு அன்பரசி வயசுதான் இருக்கும் ஒனக்கு, எனக்கு வாய் வரல. வாசுகின்னுதானே சொன்ன? நம்ம மாவட்டத்து மங்களூருலேர்ந்து மாத்தலாயி வந்திருக்க. வந்ததும் வூட்டுக்காரரு இருக்காரான்னு கேட்டியே, அவரு மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு. பதினோரு மணிக்குள்ள வந்துடுவாரு. அவரு வர்றதுக்குள்ள நாம பேசி முடிச்சுக்கணும். காரணம் இருக்குது, சொல்றேன்.

அடுத்தது கரண்டு. தனி மீட்டரான்னு கேளு. ஆமான்னு சொன்னா நம்பிடாத, பொட்டியத் தொறந்து காட்டச் சொல்லு. உள்ள குட்டியா இன்னொரு மீட்டரு மாட்டி வச்சிருப்பாங்க, அது இவங்க வூட்டு மோட்டாரையும் சேத்து ஒங்கணக்குல ஓட்டும். எங்களுது தனி. செப்டிக் டேங்கு ரொம்பிச்சின்னா லாரிக்காரனுக்கு யாரு குடுக்கறதுன்னும் கேட்டுக்க. இத்தப் போயி எப்படிக் கேக்கறதுன்னு கூச்சப்படாத. கூச்சப்பட்டு கேக்காம விட்டுட்டு, அப்பறம் ரெண்டு வூட்டுக்காரங்களும் மூக்கப் பொத்திக்கிட்டு தெருவுல நின்னு சண்ட போட்டத நான் பாத்திருக்கேன்.

கவுச்சி ஆக்கலாமான்னு நீ கேக்கவே வேணாம். கருவாடு வறுத்தா எனக்கு ரெண்டு துண்டு குடுத்துடு, அதான் கண்டிசன். ஒறம்பரை வந்தா எத்தினி நாளு தங்கலாம்னு கேளு. சிரிக்காத. பின்னாடித் தெருவுல ஒரு அம்மா இருக்குது, குடியிருக்கறவங்க வாசல்ல எத்தினி ஜோடி செருப்பு கெடக்குதுன்னு தெனம் காலையில எண்ணும். ஒரு ஜோடி கூட இருந்தா, யாரு வந்திருக்கறதுன்னு கதவத் தட்டும். நானும் அந்த மாதிரி இருந்தவதான். செவுத்துல ஆணி அடிக்கற சத்தம் கேட்டா போதும், கையில இருக்கற கரண்டியோட ஓடுவேன். இப்ப நீ எத்தினி ஆணி வேணா அடிச்சிக்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

இன்னொரு கேள்வி இருக்குது. அத்த யாரும் கேக்கறதில்ல. கடைசியில சொல்றேன்.

கேட்டுல பூட்டு இல்லியேன்னு நீ பாத்துக்கிட்டே வந்தத நான் கவனிச்சேன். பூட்டு போடறதில்லம்மா. ராத்திரியில கூட கொண்டி மட்டும்தான். திருட்டு பயமா? வந்தா வந்துட்டுப் போறான். பூட்டு வேணாம்னு சொன்னது நான்தான். அதுக்கும் வரேன்.

அந்தப் பீங்கான் பேருப் பலகையப் பாத்துட்டு, அம்புஜவல்லின்னு ஸ்ரீமுஷ்ணத்துத் தாயாரு பேரு வச்சிருக்கீங்களான்னு கேட்ட. நான் சும்மா தலைய ஆட்டிட்டேன். அது கடையில வாங்கினது இல்ல. இந்த பக்கத்து போர்ஷன்ல குடியிருந்தவரு செஞ்சி குடுத்தது. தேவநாதன்னு பேரு. நம்ம செராமிக் எஸ்டேட்டுல ஒரு சின்ன கம்பெனியில வேல. களிய மோரு மாதிரி கரைச்சி அச்சுல ஊத்தறது. பொம்ம, கப்பு, கரண்டு பீஸ் கட்டைக்கு வேண்டிய பீங்கான்னு எல்லாம் ஊத்துவாரு. குடி வந்து மூணாவது மாசம், ஒருநா சாக்குப் பையில சுத்தி எடுத்தாந்தாரு. எழுத்து எழுத்தா வெட்டி, நீல வர்ணம் பூசி, சூளையில வச்சி எடுத்திருக்காரு. அவரே ஸ்டூலு போட்டு ஏறி ஒட்டினாரு. கடைசி எழுத்துக்கு முன்னாடி இருக்கற ல் மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கும், பாத்தியா? சூட்டுல வளைஞ்சிடுச்சாம். அடுத்த சூளையில வேற வச்சி மாத்திக் குடுத்துடறேங்க்கான்னாரு. மாத்தறதுக்குள்ள போயிட்டாரு.

ஆமா, செத்துட்டாரு. போன வருசம் ஐப்பசியில. முப்பத்தெட்டு வயசு. மஞ்சக்காமாலை முத்திப் போச்சு. இந்த வூட்ல சாகல, பயப்படாத. புதுச்சேரி ஆஸ்பத்திரியில ஒம்பது நாளு வச்சிருந்து பாத்தாங்க.

பயம் இல்லியா? நல்லதாப் போச்சு.

பதினோரு மாசமா போர்ஷன் சும்மா கெடக்குதும்மா. ஏழு குடும்பம் வந்து பாத்துச்சு. எல்லாரும் நல்லாருக்குதுன்னாங்க, போன் பண்றேன்னாங்க. போற வழியில அந்த முக்கு டீக்கடையில நின்னு ஒரு டீ குடிச்சிருப்பாங்க, அவ்வளவுதான். அதோட சரி. நீயும் அந்தக் கடைய தாண்டித்தானே வந்த? எங்க வூட்டுக்காரரு பேரச் சொல்லி, கொளஞ்சிநாதன் வூடு எதுன்னு கேட்டிருப்ப. ஒண்ணும் சொல்லலியா அவங்க? காப்பிய எடுத்துக் குடிக்கற பாரு. சொல்லியிருப்பாங்க. சொன்னதுக்கு அப்பறமும் நீ வந்திருக்கறன்னா, வேற வழி இல்லாமதான் வந்திருக்கற.

ஒங்க மாமியாரு கை கால் வராம படுத்திருக்காங்கன்னியே, எத்தினி வருசமா இப்படி? மூணா. ஒரு பக்கம் முழுசாவா? பேச்சு இருக்குதா? ஆங். ஒன்னப் பாத்தா மட்டும் அழுவாங்களா. நீதானே தொடச்சி விடற, தூக்கி ஒக்கார வைக்கிற. ஸ்கூலுக்குப் போற நேரத்துக்கு ஆளு போட்டிருக்கியா? வேணாம், நான் இருக்கேன். அத்த அப்பறம் பேசலாம்.

நாலு வூடு பாத்தேன்ன. நாலு வூட்லயும் எப்ப முகம் மாறுச்சுன்னு நெனைச்சிப் பாரு. டீச்சருன்னதும் சிரிச்சிருப்பாங்க, சம்பளம் மாசாமாசம் வந்துடுமேன்னு. புருசன் நெய்வேலியில வேலன்னதும் காப்பி போட்டிருப்பாங்க. மாமியாரு படுத்த படுக்கையா இருக்காங்கன்னு சொன்ன பாரு, அப்பதான் அவங்களுக்கு சொந்தக்காரங்க வர்றதா ஞாபகம் வந்திருக்கும். வெள்ளையடிக்கணும்னு ஒருத்தரு, பையனுக்கே வேணுமாம்னு ஒருத்தரு. வாசன அடிக்கும், ஒரே தண்ணி செலவுன்னு நெனைக்கறாங்கன்னு நீ நெனைச்சிருப்ப. அது இல்லம்மா. நான் வாடகைக்கு விடறவ, எனக்குத் தெரியும்.

சாவு. அவங்க சாவுக்கு பயப்படறாங்க.

கோச்சிக்காத. நல்லபடியா இன்னும் பத்து வருசம் இருக்கட்டும் ஒங்க மாமியாரு. ஆனா நீ வூடு பாக்கறப்ப கேக்க வேண்டிய கேள்வி அதுதான். எங்க வூட்ல ஒரு உசுரு போச்சுன்னா, ஒடம்ப கொண்டாந்து நடுவூட்ல கெடத்த வுடுவீங்களா? குளிப்பாட்ட வுடுவீங்களா? வாசல்ல பந்தல் போட வுடுவீங்களா? தண்ணியக் கேக்கறாங்க, கரண்டக் கேக்கறாங்க, இத்த ஒருத்தரும் கேக்கறதில்ல. எப்படிக் கேப்பாங்க? குடி வர்றப்ப பாலு காய்ச்சணும்னு வர்றவங்க வாயில அந்தப் பேச்சு வருமா? பூங்கோதையும் கேக்கல. தேவநாதன் சம்சாரம். புள்ளகுட்டி இல்ல, அவங்க ரெண்டு பேருதான். அக்கா அக்கான்னு என் காலையே சுத்திக்கிட்டு இருக்கும் அந்தப் பொண்ணு.

தேவநாதன் ஒடம்பு இந்த கேட்டு வரைக்கும் வந்துதும்மா. உள்ள வரல. வூட்டுக்காரரு ஒத்துக்கலன்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டோம்.

டீக்கடையில சொன்னாங்கதானே? தெரியும். அவங்க சொன்னதுல பொய் இல்ல. பதினோரு மணி இருக்கும், மழ தூத்தப் போட்டுக்கிட்டு இருந்துது. ஆம்புலன்ஸ் வண்டி அந்தப் பேருப் பலகைக்கு நேரா நின்னுது. வண்டிய எடுத்துக்கிட்டு எங்க போறது? தேவநாதன் பொறந்த ஊரு வேப்பூருக்கும் அந்தாண்ட, அங்கயும் அவருக்குன்னு ஒருத்தரும் இல்ல. கடைசியில அந்தக் கம்பெனி மொதலாளிதான் ஷெட்டத் தொறந்து விட்டாரு. சுடறதுக்கு முன்னாடி காய வைக்கிற ஷெட்டு. பலகைங்கள ஓரமா தள்ளிட்டு நடுவுல பெஞ்சு போட்டு கெடத்தினாங்க. சுத்தி வரிசையா சுடாத பொம்மைங்க. அதுங்கள்ல பாதி அவரு கையால ஊத்தினது. அங்க இருக்கற தொட்டித் தண்ணியில குளிப்பாட்டி, அங்கேர்ந்தே எடுத்துக்கிட்டுப் போனாங்க.

ஒம்மூஞ்சி மாறுது. எங்க வூட்டுக்காரரு மேல கோவம் வருதில்ல? வரும். ஊருக்கே வந்துது. முப்பது வருசமா அந்த முக்குக் கடையிலதான் அவருக்கு டீ. ரயில்வேயில கேங்மேனா இருந்தப்ப டூட்டிக்குப் போறப்ப ஒரு டீ, முடிச்சி வர்றப்ப ஒரு டீ. அந்த வாரம் போயி நின்னிருக்காரு, கடைக்காரரு பாத்துட்டு பாக்காத மாதிரி வேற ஆளுக்கு ஆத்திக்கிட்டு இருந்திருக்காரு. இப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில போயி, யாருன்னு தெரியாத கடையில குடிச்சிட்டு வராரு. பூங்கோதை அண்ணன் அந்த ஷெட்டுலயே வச்சி அவரு சட்டையப் புடிச்சான். நீயெல்லாம் ஒரு மனுசனான்னு நாலு பேரு நடுவுல கேட்டான்.

எம்பொண்ணு அன்பரசி சென்னையில இருக்குது. அப்பா இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனைக்கலம்மான்னு அன்னிக்குப் போன்ல ஒரு அழுகை. அதுக்கப்பறம் அவருகிட்ட நல்லாருக்கீங்களா, மாத்திர போட்டீங்களான்னு கேக்கறதோட சரி. போன என்கிட்ட குடுங்கன்னுடும். மொதல்லல்லாம் அப்பனும் பொண்ணும் பேச ஆரம்பிச்சா எனக்கு போனே கெடைக்காது.

அவரு ஒண்ணும் சொல்லல. கடைக்காரருகிட்ட சொல்லல, பூங்கோதை அண்ணன்கிட்ட சொல்லல, பெத்த பொண்ணுகிட்ட கூட சொல்லல.

என்னா சொல்லலன்னு கேக்கறியா? நீ டீச்சரு, சரியாதான் கேப்ப. மணி என்னா ஆவுது? பத்தே முக்காலா. சரி, சொல்லிடறேன்.

கேட்டுல இருக்கற பேரு சாமி பேரு இல்லம்மா. அது என் பேரு. எனக்குப் பொறந்த ஊரு ஸ்ரீமுஷ்ணம், அதனால தாயாரு பேர வச்சாங்க. எங்கப்பா அங்க இருந்த நெலத்த வித்து எனக்காக வாங்கிக் குடுத்த மனை இது. பத்திரம், வூட்டு வரி, கரண்டு கார்டு எதப் பாத்தாலும் அம்புஜவல்லிதான். தேவநாதன் அத்தப் பாத்துட்டுதான் அந்தப் பலகையச் செஞ்சாரு. வூட்டுக்காரரு ஒத்துக்கலன்னு சொன்னேன் பாரு, அந்த வூட்டுக்காரரு நான்தான்.

இரு, ஒண்ணும் பேசாத. நிறுத்தினா அப்பறம் வராது எனக்கு.

அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு உசுரு போச்சு. பூங்கோதை அண்ணன் போன் பண்ணி, வூட்டுக்குதான் எடுத்தாறோம், பதினோரு மணிக்குள்ள வந்துடுவோம்னான். எங்க வூட்டுக்காரரு, ஐயோ பாவமேன்னு ஒக்காந்தவரு அஞ்சே நிமிசத்துல எழுந்துட்டாரு. நடுவூட்ட ஒதுக்கி வை, பந்தக்காரரையும் ஐஸ் பொட்டிக்காரரையும் பாத்துட்டு வரேன், தூத்தலா இருக்குது, தார்ப்பா சொல்லணும்னு வண்டிய எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு. தொறக்கலாமா வேணாமான்னு ஒரு கேள்வியே அவருக்கு வரல. குடியிருக்கற மனுசன் செத்தா குடியிருக்கற வூட்டுக்குதானே வருவான்.

எனக்கு வந்துது. நான் காலண்டரப் பாத்தேன். அன்னிக்குத் தேதியில அவிட்டம்னு போட்டிருந்துது. அவிட்டத்துல உசுரு போனா அடப்பு, தெரியுமில்ல? அந்த வூட்ட ஆறு மாசம் அடச்சி வைக்கணும், வெளக்கேத்தி வைக்கணும், ஒரு நல்லது பண்ணக் கூடாதும்பாங்க. அந்த வெள்ளிக்கெழம அன்பரசியப் பாக்க மாப்ள வூட்லேர்ந்து வர்றாங்க. மூணு வருசமா தட்டித் தட்டிப் போயி, அப்பதான் ஒண்ணு கூடி வருது. வாசல்ல பந்தல் போட்ட அடையாளம் காயாது, அதுக்குள்ள அவங்க வந்து எறங்கினா என்னா நெனைப்பாங்க? கேட்டு ஒண்ணு, வாசல் ஒண்ணு. சாவு அந்த போர்ஷனுக்கு மட்டும்னு யாரு பிரிச்சிப் பாப்பாங்க?

கேட்டப் பூட்டினேன். சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். வேணும்னேதான் பூட்டினேன், கை தவறிப் பூட்டல.

வண்டி வந்துது. பூங்கோதை எறங்குச்சி. தல விரிச்சாப்புல, அந்த ஒம்பது நாளு கட்டின பொடவையோட. கேட்டுக் கம்பியப் புடிச்சிக்கிட்டு, அக்கா தொறங்கக்கான்னுது. பூட்டியிருக்குதுன்னே அதுக்குப் புரியல. மறந்து போயி பூட்டிட்டேன்னு நெனைச்சிக்கிட்டு, சாவி எடுத்தாங்கக்கா, அவரு மழையில இருக்காருன்னுது. வண்டிக்குள்ளதான் இருந்தாரு, ஆனா அப்படித்தான் சொல்லுச்சு. நான் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்கல. பேருப் பலகையப் பாத்துக்கிட்டே சொன்னேன். வூட்டுக்காரரு ஒத்துக்க மாட்டேங்கறாரும்மா, நான் என்னா பண்ணட்டும்னேன்.

நான் ஒத்துக்கலன்னு சொல்ல எனக்கு வாயி இல்ல, பாத்தியா? அந்த ஒரு வார்த்தையில ரெண்டு ஆளு இருக்காங்கல்ல, புருசனும் வூட்டுக்காரரும், நான் அதுல போயி ஒளிஞ்சிக்கிட்டேன். பூங்கோதை கம்பிய விடல. அண்ணே, ஒரு தடவ வெளிய வாங்கண்ணேன்னு உள்ள பாத்துக் கூப்புட்டுது. அவரு உள்ள இருந்தாதானே வர்றதுக்கு? அவரு அந்த நேரத்துல தார்ப்பாவுக்கு நாயா அலைஞ்சிக்கிட்டு இருக்காரு.

பந்தக்காரரோட வந்தாரு. வண்டி இல்ல. என்னக் கேட்டாரு, எஸ்டேட்டுக்குப் போயிட்டாங்கன்னு மட்டும் சொன்னேன். வண்டியத் திருப்பினாரு. அங்க போயிதான் சட்டையப் புடிச்சப்ப அவருக்கே விசயம் தெரிஞ்சிருக்குது. அங்கேயே சொல்லியிருக்கலாம், நான் இல்லப்பா, எம் பொண்டாட்டின்னு. சொல்லல. காடு வரைக்கும் போயிட்டு, மூணு மணிக்கு வந்தாரு.

சாவுக்குப் போயிட்டு வந்தா வெளிக் குழாயில தலைக்கு ஊத்திக்கிட்டுதானே உள்ள வரணும்? அதுல அவரு ரொம்ப கண்டிப்பு. அன்னிக்கு ஊத்திக்கல. நேரா படியேறி உள்ள வந்தாரு. அந்த ஷெட்டுல தரையெல்லாம் களித் தூளு, மழைத் தண்ணி வேற. காலெல்லாம் அப்பியிருந்துது. வாசல்லேர்ந்து இந்த ஹாலு, அந்தா சாமி ரூமு, அடுப்பங்கரை, மூல மூலையா நடந்தாரு. வெள்ள வெள்ளையா அடி பதிஞ்சிச்சு. நான் துணி எடுத்தாந்து ஒக்காந்து தொடச்சேன். ஈரமா இருக்கறப்ப போன மாதிரி இருக்கும், காஞ்சதும் மறுபடியும் வெளுத்துத் தெரியும். வெள்ளிக்கெழம வரைக்கும் தொடச்சேன்.

நடந்து முடிச்சிட்டு, இதோ நீ ஒக்காந்திருக்கறியே, அங்க நின்னு ஒரே ஒரு பேச்சுதான் பேசினாரு. வூட்டுக்காரரு ஒத்துக்கலன்னு சொன்னியாமே. சரிதானே, வூடு ஒம்பேருலதானே இருக்குது. அவ்வளவுதான். சத்தம் போடல. அடிச்சிருந்தா கூட நான் தாங்கியிருப்பேன். அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்ச எடுக்கல. சோறு போட்டா சாப்புடறாரு, கேட்டா பதில் சொல்றாரு. நானே ஒருநா போயி அந்த டீக்கடையில எல்லாத்தையும் கொட்டிடலாம்னு செருப்ப மாட்டிக்கிட்டு முக்கு வரைக்கும் போனேன். அரை லிட்டரு பாலு வாங்கிக்கிட்டு திரும்பி வந்துட்டேன். அன்பரசிக்கும் சொல்லல. தெனம் போன எடுக்கறேன், இன்னிக்கு சொல்லிடணும்னு. சாப்ட்டியான்னு கேட்டுட்டு வச்சிடறேன். வெக்கமா இருக்குதும்மா. இந்த வயசுல இப்படி வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கணும்னு எனக்கு எழுதியிருக்குது.

அந்தக் காலண்டரு கதைய முடிச்சிடறேன். அந்த வெள்ளிக்கெழம மாப்ள வூட்டாரு வந்தாங்க, வூடு சுத்தமா இருக்குதுன்னாங்க, முடிஞ்சிது. தையில கல்யாணம். கல்யாணத் தேதிக்காகப் பழைய தாளையெல்லாம் பொரட்டினப்ப அந்த ஐப்பசித் தாளு கையில வந்துது. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சேன். காலை 9.40 வரை திருவோணம், பின்பு அவிட்டம். அவரு போனது ஆறு மணிக்கு. திருவோணத்துல போயிருக்காரு. அடப்பே கெடையாது. நான் அவசரத்துல பின்னாடி இருந்தத மட்டும் பாத்திருக்கேன். சரியா பாத்திருந்தா தொறந்திருப்பேன்னு எத்தினியோ நாளு எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டேன். பொய்யி. பூட்டறதுன்னு முடிவு பண்ணிட்டுதான் நான் காலண்டராண்டயே போனேன்.

பதினாறு முடிஞ்சி பூங்கோதை அண்ணனோட வந்துது, சாமான எடுக்க. கட்டிலு, பீரோ, கேஸ் அடுப்பு. எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டு, போர்ஷனப் பெருக்கித் தண்ணி தெளிச்சி, சாவிய இந்தத் திண்டு மேல வச்சிது. நான் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன். ஏதாவது கேக்கும், திட்டும், மண்ண வாரித் தூத்தும்னு நின்னேன். ஒண்ணும் இல்ல. என்னத் தாண்டி கேட்டுக்கு வெளிய போச்சு, வண்டியில ஏறுச்சு, போச்சு. போயிட்டு வரேங்க்கான்னு சொல்லல.

கடைக்குப் போறப்ப கூட சொல்லிட்டுப் போற பொண்ணு. கொத்தமல்லி வாங்கப் போனாலும் போயிட்டு வரேங்க்கான்னுதான் போகும். எங்கேர்ந்து கெளம்பறப்ப நாம சொல்லிக்காம போவோம்? சாவு வூட்லேர்ந்து. அங்க வரேன்னு சொல்லக் கூடாது. அந்தப் பொண்ணு என் வூட்லேர்ந்து அப்படிப் போச்சும்மா. எது ஆயிடக் கூடாதுன்னு நான் கேட்டப் பூட்டினேனோ, பொணம் உள்ள வராமலே என் வூடு அது ஆயிப் போச்சு. அன்னிக்கு சாயங்காலம் அந்தப் பூட்டத் தூக்கி ஏரியில போட்டுட்டு வந்தேன்.

அதனாலதான் சொல்றேன், நீ அந்தக் கேள்வியக் கேளு. தண்ணி எப்பவாச்சும் வரும் போவும். நீ என்னப் பாத்து அத்தக் கேக்கணும், நான் ஆமான்னு சொல்லணும். ஒங்க மாமியாரு நல்லாருக்கற வரைக்கும் இருக்கட்டும். நீ ஸ்கூலுக்குப் போற நேரத்துல நான் பாத்துக்கறேன், கஞ்சி ஊட்டறேன், திருப்பிப் படுக்க வைக்கறேன். காலம் வந்தா இந்த நடுவூட்லேர்ந்து போவட்டும். என் போர்ஷன் நடுவூடு பெருசு, இங்க கெடத்திக்கலாம். எந்த நட்சத்திரமா இருந்தாலும் சரி. காலண்டர நான் மாட்டறதே இல்ல இப்ப, அந்தச் செவுத்துல ஆணி மட்டும்தான் இருக்குது பாரு.

கேக்கறியா?

எழுந்துட்டியா. சரி. உடனே சொல்லுன்னு நான் சொல்லல. ஒம் புருசன்கிட்ட கேக்கணும், யோசிக்கணும். இப்படி ஒருத்தி வூட்லயா இருக்கறதுன்னும் தோணும். தோணினா அது தப்பில்ல.

வண்டி சத்தம் கேக்குது, அவருதான். கேட்டாண்ட பாத்தா ஒரு வணக்கம் மட்டும் வச்சிடு. அவருகிட்ட வாடகை, அட்வான்ஸு எதுவும் பேசாத. அவரு எனக்குப் புருசன், அவ்வளவுதான், வூட்டுக்காரரு நான். டீக்கடையில யாராவது கேட்டா அதையே சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னே சொல்லு.

பையி அங்கயே வச்சிட்ட பாரு, இந்தா. வூடு வேணாம்னாலும் பரவால்ல வாசுகி. சொல்லிக்காம மட்டும் போயிடாதம்மா. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.